முகூர்த்த நாளில் மாத்திரைக்கு லீவு

டிசம்பர் 8, திங்கள்

எழுபத்து நாலு கிலோ.

தினமும் காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் கோயமுத்தூர் டாக்டரம்மா. பீரோவில் கிடந்த பழைய டைரியை எடுத்து, தேதியை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். ஆள் ஏறி நிற்கிற மிஷின் எங்கள் வீட்டில் ஏது? அரிசி மூட்டை நிறுக்கிற தராசில்தான் மாமாவை ஏற்றினேன். "ஒரு சிப்பம் பொன்னி, நல்லாப் பாத்து எழுது புள்ள" என்று நக்கல் வேறு. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. வாய்க்கு மட்டும் ஒரு வீக்கமும் இல்லை.

எடையை மட்டும் எழுதினால் பக்கம் மொட்டையாகக் கிடக்கிறது. நாளைக்கு வேறு டாக்டர் கேட்டாலும் சொல்ல வசதியாக இருக்கட்டும், முதலிலிருந்தே எழுதுகிறேன். மாமா, அதாவது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கல்யாணச் சமையல்காரர். கோபி வட்டாரத்தில் அவர் சமையல் என்றால் ஒறம்பரைச் சனம் எல்லாம் தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் முதல் பந்திக்கு ஓடும். நான் சம்பூரணம், காய் நறுக்குகிற பெண்களுக்கு மேஸ்திரி.

எங்கள் மகள் தாரணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், என் தம்பி ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனார் மாமா. ரத்த வங்கியில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, கல்லீரலில் குடியிருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. கிருமி தூங்குகிறது, காலி செய்துகொண்டு போகவில்லை. எனக்கும் தாரணிக்கும் தடுப்பூசி போட்டாயிற்று, எதற்கென்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. ரத்தத்தில்தான் பரவும், சோற்றில் பரவாது என்று ஈரல் டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். சரிங்க டாக்டர், அதைப் பந்திக்கு வந்து மைக் பிடித்துச் சொல்வீர்களா? சமையல்காரனுக்குக் காமாலைக் கிருமி என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், எங்கள் இலையில் ஈகூட உட்காராது. அதனால் மூச்சு விடவில்லை.

இத்தனை வருஷமும் ஈரலையே காவல் காத்தோம். மூச்சு வாங்கினால் ஈரல், கால் வீங்கினால் ஈரல், பசிக்கவில்லை என்றால் ஈரல். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தே என் கை பச்சையாகிவிட்டது. போன வாரம் மண்டபத்தில் நாலு படி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரல் போயே போச்சு என்று அழுதுகொண்டே கோயமுத்தூர் பஸ் ஏறினேன். ஈரல் டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் நல்லாத்தாம்மா இருக்கு, இது இருதயம் என்கிறார்.

ரத்தத்தில் பி.என்.பி. என்று ஒரு சாமான் இருக்கிறதாம். இருதயம் பாரம் தாங்காமல் திணறும்போது அதிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்குமாம். நூற்றுக்குள் இருக்க வேண்டியது இவருக்கு ஆயிரத்து எண்ணூறு. நான் அதற்கு நெஞ்சு நம்பர் என்று பெயர் வைத்துவிட்டேன். ஈரல் நோய்க்காரர்களுக்கு அந்த நம்பர் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஆனால் இவ்வளவு இருக்காது என்றார் டாக்டர். மாமா அதில் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஈரல்காரனுக்கு எச்சாத்தான் இருக்கும்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. நீ எதுக்கு பஸ்ஸுல மூக்கைச் சிந்துனே?" என்றார்.

அப்புறம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் இருதய டாக்டரம்மா ரெபெக்கா. ஸ்கேன் பார்த்து, ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி பாதிதான் இருக்கிறது என்றார். காலையில் ஒரு நீர் மாத்திரை, உப்புக் குறைவு, அடுப்பங்கரையில் நிற்கக் கூடாது. கடைசியைக் கேட்டதும் மாமா ஜன்னலைப் பார்த்தார்.

டிசம்பர் 10, புதன்

எழுபத்து மூணு. மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒரு ஓட்டம். கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள் இந்த வாரமே கழன்று விழும்.

டிசம்பர் 13, சனி

நாளைக்கு கார்த்திகையில் கடைசி முகூர்த்தம். சத்தியமங்கலத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. பாத்திரங்களை எங்கள் கையாள் குப்புராசு வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாமா ஆரம்பித்தார்.

"நாளைக்கு அந்த மாத்திரை வேண்டாம் புள்ள."

"ஏனுங் மாமா, ஒரு நாள்கூட உடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"டாக்டரம்மா வந்து சாம்பார் அண்டாவைப் பாத்துக்குமா? எலை போடற நேரத்துல நான் அரை மணிக்கொருக்கா மறைப்பைத் தேடி ஓடினா அடிப்பிடிச்சுப் போயிரும். நாளைக்கு ஒரு நாளைக்கு லீவு குடு. ஒரு நாள்தானே?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாள்தானே. பையில் இருந்தால் மனசு குறுகுறுக்கும் என்று மாத்திரை அட்டையை எடுத்து சாமி மாடத்தில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

எழுபத்து அஞ்சு. சந்தகையும் தேங்காய்ப் பாலும் பிரமாதம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்களாம். இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்று.

டிசம்பர் 22, திங்கள்

மார்கழி பிறந்தது, கல்யாணம் இல்லை. எங்கள் தொழிலில் இந்த ஒரு மாதம்தான் அடுப்புக்கு ஓய்வு. எடை எழுபது. மாத்திரை தவறவில்லை. காலையில் வாசலில் நான் கோலம் போடும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, புள்ளி கோணல், அது கோணல், இது கோணல் என்று தொணதொணக்கிறார். தொணதொணக்கிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே, அதுவே பெரிசு.

டிசம்பர் 29, திங்கள்

நெஞ்சு நம்பர் அறுநூற்று நாற்பது! டாக்டரம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தீங்களா, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா எப்படி இறங்குது! இதே மாதிரி இருந்தா நல்லது. ஆனா ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடணும். ஜனவரி ஏழாம் தேதி வாங்க" என்றார்.

பக்கத்து வீட்டில் மருதமலைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தோம். போகாமல் விட்டால் முருகன் கோவித்துக்கொள்வார் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டேன். மாமா இரண்டு போண்டா கேட்டார். ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 7, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லையென்றால் வாய் விட்டுக் கத்திவிடுவேன்.

காலையில் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் பச்சை அங்கி போட்டுவிட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கையில் ஃபைலோடு ஒருத்தன் வந்தான். ஃபைல் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர்.

"ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ், நாச்சிமுத்து யாருங்க? உங்களுக்குக் கடைசிதான். எல்லாரும் முடிஞ்சப்புறம் தியேட்டரைக் கழுவணும்ல!" என்று அண்ணாமலையில் தீபம் ஏற்றுவதை அறிவிக்கிற மாதிரி கத்தினான்.

அட பாவி! உன் வாயில் மண்ணை அள்ளிப் போட!

மாமா எழுந்திருக்கவில்லை. அவர் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி. ரைஸ்மில் சாமியப்பன். அவர் மகன் கல்யாணம் வருகிற தையில், பிப்ரவரி எட்டு. இரண்டாயிரம் பேர், மூன்று வேளை. எங்களுக்கு இந்த வருஷம் வந்ததிலேயே பெரிய சமையல் அதுதான். அவர் தலையைத் திருப்பித் தூணோடு ஒட்டி நின்றார். கேட்டுவிட்டு அருவருத்து ஒதுங்கினாரோ, கேட்கவே இல்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாமா என் கையைப் பிடித்தார். அங்கியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், படிக்கட்டில் இறங்கினார். லிஃப்டுக்கு நிற்கவில்லை. கீழே வந்ததும் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். திரும்பிப் போகலாம் வாங்க மாமா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினார். தூக்கிக்கொண்டு போகவா முடியும் என்னால்?

ஜனவரி 8, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒறம்பரையில் ஒரு சாவு, அதனால் வந்துவிட்டோம் என்றேன். அந்தப் பெண் பாவம், ஆழ்ந்த அனுதாபங்கள் என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

சாமியப்பன் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. செல்போன் அடித்தாலே இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். இன்று மத்தியானம் அடித்தது கேஸ் கம்பெனி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தாரணியும் மாப்பிள்ளையும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா இளைத்துவிட்டார் என்றாள். வயசாகுது கண்ணு என்றேன். எடை பார்க்கவில்லை, பிள்ளைகள் எதிரில் தராசில் ஏற்றினால் என்ன சொல்வது?

ஜனவரி 20, செவ்வாய்

சாமியப்பன் வீட்டம்மா நேரில் வந்து வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு சமையல் உறுதி சொல்லிவிட்டுப் போனார். "அண்ணந்தான் முன்ன நின்னு செய்யோணும். வேற ஆளுங்க கையில உட்டுட்டுப் போகப்படாது" என்று அழுத்திச் சொன்னார். அந்தம்மா முகத்தில் எந்தக் கள்ளமும் தெரியவில்லை.

"கேக்கலை புள்ள! அவங்க காதுல உழுகவே இல்ல!" என்று மாமா குதிக்காத குறை.

"அப்ப ஆஞ்சியோவுக்குப் போலாமுங்களா?"

"தை போகட்டும். மறுபடி அங்க போயி, வேற எவனாவது ஊர்க்காரன் உக்காந்திருந்தா? ஒருக்காத்தான் தப்பிக்கலாம்."

"நெஞ்சுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம எப்படிங் மாமா?"

"அறுநூத்தி நாப்பது இருக்குது. ஈரல்காரனுக்கு அவ்ளோதான் இருக்கும்."

சுவரோடு பேசினால் சுண்ணாம்பாவது உதிரும்.

ஜனவரி 26, திங்கள்

நேற்று கவுந்தப்பாடியில் கல்யாணம். நாளை மறுநாள் அந்தியூரில். முகூர்த்தத்துக்கு மட்டும் லீவு என்று பேசியிருந்தோம். ஆனால் முதல் நாள் ராத்திரி விருந்து இருக்கிறதே, அன்றைக்கு மட்டும் அண்டாவை விட்டுவிட்டு ஓட முடியுமா? மறுநாள் சம்பந்தி விருந்து வேறு. ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்விடுகிறது. சரி, இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள் என்று மாத்திரை அட்டை சாமி மாடத்திலேயே கிடக்கிறது. கவுந்தப்பாடியில் சம்பந்தி விருந்து இல்லை, அதனால் இன்று சும்மா இருக்கிற நாள். ஞாபகமாகக் கொடுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

எழுபத்து ஆறு. தராசு சரியில்லை என்கிறார்.

பிப்ரவரி 2, திங்கள்

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறார். அதைக் காட்டித்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஆஞ்சியோ பேச்சை எடுக்கக் கூடாது, ரத்தம் மட்டும்தான் என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நெஞ்சு நம்பர் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

டாக்டரம்மா இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போன மாதம் அறுநூறு, இப்போது இது. அவருக்குக் கணக்கு உதைக்கிறது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாராம்மா? மறைக்காம சொல்லுங்க."

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவறாமப் போடறாருங்க" என்றேன்.

"மாத்திரை போட்டும் இவ்வளவு ஏறுதுன்னா இருதயம் ரொம்பக் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். இன்னிக்கே அட்மிட் ஆகுங்க."

"எட்டாந்தேதி ஒரு வேலை இருக்குதுங்க. அது முடிஞ்சதும் பொட்டி கட்டிட்டு வந்தர்றேன்" என்றார் மாமா. அந்தம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் நீர் மாத்திரையை இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெரிய மாத்திரை அட்டையையும் சாமி மாடத்தில் வைத்தேன். பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார், பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

சாமியப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு சாமான் இறக்கியாயிற்று. மாத்திரை நேற்று ஒரு நாள் போட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று கல்யாணம் முடிந்தது. என்ன ஒரு நாள்!

வெடியால மூன்று மணிக்கே கோட்டை அடுப்பு பற்றிக்கொண்டது. மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மணமக்கள் சாப்பிடும் முன்னால் எதையும் நாக்கில் வைக்க மாட்டார், ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்வார். நேற்று ஒவ்வொரு அண்டாவின் மேலும் குனிந்து மூச்சை இழுக்க முடியாமல் இரண்டு முறை, மூன்று முறை இழுத்தார். குப்புராசு என்னைப் பார்த்தான். நான் வாழைக்காயைப் பார்த்தேன்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. பச்சைப்பயறுப் பாயசத்துக்கு மூன்றாவது பந்தியில் அடிதடி. கத்திரிக்காய்க் கொத்சு பாத்திரத்தை வழித்து எடுத்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் சமையல் கொட்டகைக்கே வந்து மாமாவுக்குத் துண்டு போர்த்தினார். மாமா முகத்தில் அந்த நேரம் எந்த வியாதியும் இல்லை.

கூட்டம் குறைந்த பிறகு சாமியப்பன் தனியாக வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மணி, உங்களுக்கும் நாச்சிமுத்துக்கும் நான் பெரிய கடன் பட்டிருக்கறேன்."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில என்னைப் பாத்தீங்கல்ல? எனக்கு நெஞ்சுல ரெண்டு அடைப்பு. கல்யாணத்துக்கு முன்ன சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்களோன்னு, உங்களைக் கண்டதும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்க ஊருல வாயே தொறக்கலை. அப்புறம் எனக்கு ஸ்டென்ட் வெச்சு, இப்ப நல்லா இருக்கறேன். நாச்சிமுத்து எதுக்கு வந்திருந்தாரு?"

"சும்மா செக்கப்புங்க" என்றேன்.

வண்டியில் வரும்போது மாமாவிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார், சிரித்து இருமி, இருமிச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் பயந்துட்டு ஓடிருக்கறோம் பாரு!" நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் அன்று கத்தினவனின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"புதன்கெழம போறோம். அட்மிட்டு, ஆஞ்சியோ, என்ன வேணா பண்ணட்டும்" என்றார். இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! இன்றைக்கு வீட்டுக் கூரையே உயர்ந்தது மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 9, பொழுதோட, விளக்கு வைத்த பிறகு

ஒரு விஷயம் எழுத மறந்தேன். புதன்கிழமை ரத்தம் எடுக்கும்போது நம்பர் நன்றாக வர வேண்டுமாம்.

"நாலாயிரம்னு வந்தா அந்தம்மா நம்மளைப் பொய்யின்னு கண்டுபுடிச்சுரும். உட்டதையெல்லாம் சேத்துப் போட்டு வீக்கத்தை எறக்கீட்டுப் போயிரலாம்" என்று பெரிய மாத்திரையில் இரண்டு போட்டார். சாயந்திரம் இன்னும் இரண்டு. பரீட்சைக்கு முதல் நாள் உட்கார்ந்து படிக்கிற பையன் கெட்டான். வேண்டாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நாலு கிலோ இறங்கியிருக்கிறது! கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைக்கும் நாலு.

பிப்ரவரி 11, புதன்

அறுபத்தெட்டு. தலை சுற்றுகிறது, நாக்கு வறள்கிறது என்றார். வெறும் வயிற்றோடு பஸ் பயணம், வேறென்ன?

ரத்தம் எடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். என் மேல்தான் விழுந்தார். எவ்வளவு லேசாகிவிட்டார்!

அவசரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா ஓடி வந்தார். நெஞ்சு நம்பர் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது, நல்லாத்தான் வந்திருக்கிறது. ஆனால் கிட்னி இரண்டும் நின்றுவிட்டது என்கிறார். அதற்குள் இவ்வளவு தண்ணீர் எப்படி வெளியே போனது, கிருமி கிட்னிக்குள் போய்விட்டதா என்று அவரே அவரிடம் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரை எத்தனை சாப்பிட்டார்?"

"நீங்க எழுதினதுதானுங்க. ஒண்ணு எச்சாப் போட்டிருப்பாரு."

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று ராத்திரியிலிருந்து சலைன் ஏற்றினார்கள். விடியும்போது நெஞ்சில் தண்ணீர் கோர்த்து மூச்சு முட்டியது. நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் ஏற்றினால் நெஞ்சு தாங்காது, ஏற்றாவிட்டால் கிட்னி தாங்காது. டாக்டரம்மா இதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்தார். டாக்டர் தோளில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

இனி டயாலிசிஸ்தான். சரி செய்யுங்கள் என்றேன். அதில் ஒரு சிக்கல். இந்தக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மிஷின்தான் போட வேண்டுமாம், மற்றவர்களுக்கு ஒட்டிவிடாமல் இருக்க. வரிசையாகப் பத்து மிஷின் இருக்கிறது, நாலு சும்மா நிற்கிறது, கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். ஆனால் எங்களுக்கானது ஒன்றே ஒன்று, தனி அறையில். அதில் ஒரு லாரி டிரைவர் படுத்திருக்கிறார். அவருக்கு அப்புறம் ஒரு டீச்சர். அப்புறம்தான் நாங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கெல்லாம் டாக்டரம்மாவே போன் போட்டுப் பார்த்தார், எங்கும் காலி இல்லை. யாரைப் போய்த் திட்டுவேன்? அந்த டீச்சர் என்னைவிடச் சின்னவள்.

பிப்ரவரி 13, வெள்ளி

தாரணி வந்தாள். கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, இது என்னது?"

சொன்னேன். எப்போதிலிருந்து என்றாள். அதையும் சொன்னேன். தடுப்பூசி போட்ட கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சோத்துல பரவாதுன்னா, எதுக்கும்மா இத்தனை வருஷம் பயந்தீங்க?"

ஊரில் சமைத்துப் பார் கண்ணு, தெரியும் என்றேன்.

டீச்சரை மிஷினில் போட்டுவிட்டார்கள். இருட்டுவதற்குள் எங்கள் முறை வந்துவிடும் என்றார் நர்ஸ். அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, அது நேராக நெஞ்சுக்குள்தான் போகும் என்று என்னிடம் ஒரு தடவை, தாரணியிடம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எல்லாம் முடிந்துவிட்டது. எழுதி முடித்துவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன். தாரணி திருப்பூரில் விட்டு வந்த தன் பிள்ளையிடம் போன் பேச வெளியே போயிருந்தாள். மாமா கண்ணைத் திறந்தார். உதடு வெடித்து, நாக்கு மேலே ஒட்டியிருந்தது.

"சம்பூ. தண்ணி."

"மிஷினுக்குக் கூப்புடுவாங்க மாமா. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"ஒரு மடக்கு. ஒரு மடக்குத்தானே புள்ள?"

பாட்டில் என் கைப்பையிலேயே இருந்தது. மூடியைக்கூடத் தொட்டேன். நர்ஸ் சொன்னது, டாக்டரம்மா சொன்னது, இத்தனை நாள் யார் யாரோ சொன்னது எல்லாம் சேர்ந்து வந்து என் கையைப் பிடித்தன.

"முடியாதுங் மாமா" என்றேன். "இந்த ஒருக்கா சொன்னபடி கேளுங்க."

அவர் கோபிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நான் அவரிடம் முடியாது என்று சொல்லி அவர் கேட்டதே இல்லையே, சரியாகக் காதில் விழவில்லை என்பது போலக் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வந்தபோது நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மணியை அடித்தார். எல்லாரும் ஓடி வந்தார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. அவர் கையால் சாப்பிட்ட ஊர் முழுக்க வந்திருந்தது. சாமியப்பன் பெரிய மாலையோடு வந்து தேம்பித் தேம்பி அழுதார். என்ன வியாதி என்று கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான் குப்புராசு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

வாய்க்கரிசி போடும்போது மாமாவின் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைத் துடைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், எல்லார் வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டார்.

"போற நேரத்துல நீ பக்கத்துல இருந்தியா சாமி? வாயில தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தினனுங் பெரீம்மா" என்றேன். "நல்லாக் குடிச்சாருங்க."